இடைமுகம் வெறுமையாக நின்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

செப்டம்பர் 2, இரவு 9.15 (வாசகர் ஒருவரின் கேள்வி)

சொந்தக் கணினியில் இயங்கும் மொழி மாதிரி (கேள்விக்கு எழுத்தில் விடை தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்) ஒன்றையும் அதற்கான வலை இடைமுகத்தையும் நிறுவினேன். நிறுவல் முடிந்தது என்ற செய்தி வருகிறது. உலாவியில் பக்கமும் திறக்கிறது. ஆனால் மாதிரியைத் தேர்ந்தெடுத்து ஏற்றச் சொன்னால் சக்கரம் சிறிது நேரம் சுற்றி நின்றுவிடுகிறது. அதன் பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் விடைப் பெட்டி வெறுமையாகவே இருக்கிறது. முழுவதையும் அழித்து நான்கு முறை மறுபடி நிறுவிவிட்டேன். இவ்வகை மென்பொருளில் ஏதாவது கெட்டால் மொத்தமாக அழித்து நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஐந்தாம் முறையும் அதையே செய்யலாமா?

செப்டம்பர் 2, இரவு 11.40

வேண்டாம். நான்கு முறை செய்தும் அதே இடத்தில் அதே போல் நிற்கிறது என்றால், நீங்கள் அழித்துக்கொண்டிருக்கும் பகுதியில் பழுது இல்லை என்பதையே அது காட்டுகிறது.

நாம் ஒரே மென்பொருள் என்று நினைப்பது உண்மையில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் தனித்தனிப் பொருள்கள். கணக்கீட்டைச் செய்யும் இயந்திரம் ஒன்று, லாமா.சிபிபி, டார்ச் போன்றவை அந்த இடத்தில் இருக்கின்றன. அந்த இயந்திரம் படிக்கும் மாதிரிக் கோப்பு இன்னொன்று. உலாவியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி இயந்திரத்திடம் ஒப்படைக்கும் சேவையகம் வேறு. உலாவியில் நாம் காணும் பக்கம் அதற்கும் வேறு. உங்களுக்குப் பக்கம் திறக்கிறது என்பதால் சேவையகம் உயிருடன் இருக்கிறது. சேவையகம் உயிருடன் இருந்தால் பைத்தான் நிரல்மொழியும் அதன் நூலகங்களில் பெரும்பாலானவையும் சரியாகவே நிறுவப்பட்டிருக்கின்றன. ஆகவே சந்தேகம் மாதிரிக் கோப்பின் மீதோ, அதை ஏற்றும் இயந்திரத்தின் மீதோ மட்டும்தான் விழ வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே பாதையில் நான் மூன்று முழு நாட்களை இழந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நிறுவிய கோப்புறையை அழித்தேன். ஒவ்வொரு முறையும் பழுது திரும்பி வந்தது. பதிவிறக்கிய மாதிரிகளின் பிரதிகளைப் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில் அந்த மென்பொருள் வைத்திருந்தது என்பதும், நான் அழித்த கோப்புறைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தன. பாதியில் அறுந்த ஒரு கோப்பு அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. புதிய நிறுவல் ஒவ்வொன்றும் வந்தவுடன் அதையே எடுத்துப் படித்தது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உலாவியைப் பார்க்காதீர்கள். மென்பொருளைத் தொடங்கியபோது திறந்த கறுப்பு முனையச் சாளரத்தைப் பாருங்கள். மாதிரியை ஏற்றச் சொல்லும் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து அங்கே என்னென்ன வரிகள் வருகின்றன என்பதை முழுவதுமாகப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 3, காலை 6.50

ஒரு சேர்க்கை. முனையத்தில் நூறு வரிகள் குவிந்தாலும் அஞ்ச வேண்டாம். பைத்தானின் பிழைச் செய்தியில் கடைசி வரியே பிழையின் பெயரைச் சொல்லும்; அதை மட்டும் படித்தால் போதும்.

செப்டம்பர் 4, இரவு 8.30

கேட்டவர் அனுப்பிய வரிகளைப் படித்தேன். கோப்பின் தலைப்பகுதி தவறாக இருக்கிறது என்று இயந்திரம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மாதிரிக் கோப்பின் அளவைப் பார்க்கச் சொன்னேன். பல ஜிபி இருக்க வேண்டிய கோப்பு நூற்றுச் சொச்சம் பைட்டுகளே இருக்கிறது.

இது மிகவும் பழகிய பழுது. மாதிரிக் களஞ்சியங்கள் பல, பெரிய கோப்புகளைக் கிட் என்னும் கோப்புப் பதிப்புக் கருவிக்கான கிட் எல்எஃப்எஸ் நீட்சியின் வழியாகச் சேமிக்கின்றன. அந்த நீட்சி இல்லாத கணினியில் கிட் மூலம் களஞ்சியத்தைப் பிரதியெடுத்தால், கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் அதைச் சுட்டும் மூன்று வரிச் சீட்டு மட்டும் வந்து சேரும். முதல் வரியில் அந்த நீட்சியின் பதிப்பு, இரண்டாவதில் உண்மைக் கோப்பின் சரிபார்ப்புக் குறி, மூன்றாவதில் அதன் அளவு. கோப்பின் பெயர் சரியாக இருப்பதால் இடைமுகத்தின் பட்டியலில் அது மாதிரியாகவே தெரியும்; ஏற்ற முயலும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளிப்படும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் பிரதியெடுப்பு நிறைவேறிவிடுவதால் யாருக்கும் இதன் மீது சந்தேகம் வருவதில்லை. அந்த நீட்சியை நிறுவிக் கோப்புகளை மறுபடி இழுக்கலாம். அல்லது பெரிய கோப்பை மட்டும் உலாவி வழியாக நேராகப் பதிவிறக்கலாம். மென்பொருளை மறுபடி நிறுவத் தேவையில்லை.

கோப்புகளைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்ட தட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அடங்காது. பெயர்வுத் தட்டில் மாதிரியை எடுத்துச் செல்பவர்கள் இதில் சிக்குகிறார்கள். பதிவிறக்கம் பாதியில் அறுந்ததா என்பதை அளவை மட்டும் பார்த்து எப்போதும் கண்டுபிடிக்க முடியாது; ஷா256 சரிபார்ப்புக் குறியின் 64 எழுத்துகளையும் ஒப்பிட்டால் உறுதியாகத் தெரியும். லாமா.சிபிபி வகை இயந்திரங்கள் 2023 ஆகஸ்ட் முதல் ஜிஜியுஎஃப் என்னும் வடிவத்துக்கு மாறின. அதற்கு முந்தைய ஜிஜிஎம்எல் கோப்புகளைப் புதிய பதிப்புகள் படிப்பதில்லை. புதிய வடிவக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளே அந்த வடிவத்தின் பெயரை எழுதியிருக்கும். பழைய வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றிப் பழைய கோப்பைப் பதிவிறக்கியவருக்குத் தலைப்பகுதி தவறு என்ற இதே செய்திதான் கிடைக்கும்.

செப்டம்பர் 5, காலை 7.10

செப்டம்பர் 3 அன்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கடைசி வரியை மட்டும் படித்தால் போதும் என்பது தவறான அறிவுரை.

இன்னொரு வாசகர் அதை நம்பி, கடைசி வரியில் இருந்த "ஒன்றுமில்லாத பொருளுக்கு அந்தப் பண்பு கிடையாது" என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் தேடியிருக்கிறார். மாதிரி ஏற்றப்படாததால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையான இடத்திடம் விடை கேட்டதால் இரண்டாவது பிழை எழுந்தது. உண்மையான காரணம் ஐம்பது வரிகளுக்கு மேலே, நினைவகம் போதவில்லை என்ற முதல் பிழையில் கிடந்தது. ஒரே ஒரு பிழை இருக்கும்போது கடைசி வரியைப் படிக்க வேண்டும். பிழைகள் தொடராக வந்திருந்தால் முதல் பிழையின் கடைசி வரியைப் படிக்க வேண்டும். அவர் செலவிட்ட நாளுக்கு நான் பொறுப்பு. வருந்துகிறேன்.

செப்டம்பர் 7, மாலை 6.20

கிராஃபிக்ஸ் அட்டை இருந்தும் மாதிரி மிக மெதுவாக ஓடுகிறது, மறுபடி நிறுவியும் மாற்றமில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மறுநிறுவல் ஏன் பயன்படவில்லை என்பதை இந்தப் பழுது மிக நன்றாக விளக்குகிறது.

விண்டோஸில், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கருவி மூலம் வெறுமனே டார்ச் என்று கேட்டால், மையச் செயலியில் மட்டும் இயங்கும் பதிப்பே வரும். நிறுவல் எந்தக் குறையும் சொல்லாமல் முடியும். குடா என்பது என்விடியா அட்டையில் கணக்கிட உதவும் மென்பொருள் அடுக்கு; டார்ச்சிடம் "குடா கிடைக்கிறதா" என்று ஒற்றை வரியில் கேட்டால் "இல்லை" என்ற விடை வரும். எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அதே கட்டளை அதே பதிப்பைத்தான் கொண்டுவரும். குடாவுக்குரிய தொகுப்புகள் இருக்கும் தனி முகவரியைக் குறிப்பிட்டு நிறுவ வேண்டும்.

லாமா.சிபிபியைப் பைத்தானோடு இணைக்கும் நூலகத்தில் இதே பழுது இன்னும் ஆழமாக இருக்கிறது. அது நம் கணினியிலேயே மூல நிரலிலிருந்து தொகுக்கப்படுவது. சிறப்பாகக் கேட்காவிட்டால் கிராஃபிக்ஸ் அட்டையின் ஆதரவு இல்லாமல் தொகுக்கப்படும். பிறகு நாம் சரியான விருப்பங்களைக் கொடுத்து மறுபடி நிறுவினாலும், முன்பு தொகுத்த பிரதியைப் பிப் தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்திருப்பதால் அதையே எடுத்துப் போட்டுவிடும். சேமிப்பைப் பயன்படுத்தாதே, கட்டாயமாக மறுபடி நிறுவு என்ற இரண்டு ஆணைகளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் புதிதாகத் தொகுக்கும். நான்கு நிமிடங்களில் முடிய வேண்டிய தொகுப்பு நான்கே விநாடிகளில் முடிந்தால் பழைய பிரதிதான் வந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். எனக்கு உண்மையை உணர்த்தியது அந்த வேகம்தான்.

எண்களைப் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. அட்டையின் நிலையைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ கருவியின் மேல் வரியில் தெரியும் குடா பதிப்பு, கணினியில் நிறுவப்பட்டிருக்கும் பதிப்பு அன்று. இயக்கி நிரலால் தாங்கக்கூடிய உச்சப் பதிப்பு. டார்ச் தனக்கு வேண்டிய குடா நூலகங்களைத் தானே உடன் கொண்டுவருகிறது. ஆகவே டார்ச்சுக்காக மட்டும் குடா கருவித் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. மேலே சொன்னது போல் எதையாவது நாமே தொகுக்கும்போதுதான் அது தேவைப்படும்.

செப்டம்பர் 7, இரவு 10.05

பைத்தானின் மிகப் புதிய பதிப்பை நிறுவிவிட்டு, தொகுப்பி இல்லை என்ற பிழையில் நிற்பவர்களுக்கு: தொகுப்பியைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் பதிப்புக்கு உரிய ஆயத்தத் தொகுப்பை நூலக ஆசிரியர்கள் இன்னும் வெளியிடாததால் மூல நிரலிலிருந்து கட்ட முயல்கிறது. மென்பொருளின் ஆவணத்தில் குறிப்பிட்டுள்ள பைத்தான் பதிப்பில் மெய்நிகர் சூழலை (ஒரு மென்பொருளுக்கென்றே ஒதுக்கிய தனிப் பைத்தான் கோப்புறையை) உருவாக்கினால் இந்தக் கேள்வியே எழாது.

செப்டம்பர் 9, இரவு 9.30

6 ஜிபி நினைவகமுள்ள அட்டையில் 700 கோடி அளபுருக்கள் (மாதிரி கற்று வைத்திருக்கும் எண்கள்) கொண்ட மாதிரி அடங்கும் என்று முன்பு ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அந்தக் கணக்கை இன்று மறுபடி போட்டுப் பார்த்தேன். பாதி சரி, பாதி பிழை.

ஓர் அளபுருவுக்கு 16 பிட், அதாவது 2 பைட்டு என்றால் 700 கோடிக்கு 14 ஜிபி. க்யூ4_கே_எம் போன்ற நான்கு பிட் சுருக்கத்தில் அது சுமார் 4 ஜிபியாகக் குறையும். இதுவரை சரி. நான் விட்டுவிட்டது, உரையாடல் நீள நீள வளரும் இடைச் சேமிப்பு. மெட்டா நிறுவனத்தின் லாமா 2-இன் 7பி (700 கோடி அளபுரு) மாதிரியில் 32 அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கிலும் 4,096 எண்கள் கொண்ட திறவு, மதிப்பு என்ற இரண்டு பட்டியல்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட்டு. பெருக்கினால் ஒரு டோக்கனுக்கு (மாதிரி ஒரே கூறாகக் கையாளும் சொல் அல்லது சொல்துண்டுக்கு) அரை எம்பி வருகிறது. மாதிரி ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளும் உரையே இங்கே சூழல்; 4,096 டோக்கன் கொண்ட முழுச் சூழலுக்கு 2 ஜிபி. மாதிரியும் இதுவும் சேர்ந்தாலே 6 ஜிபி நிறைந்துவிடும். திரையை வரைவதற்கும் அதே அட்டையே நினைவகம் கொடுக்க வேண்டும். லாமா 3-இன் 8பி மாதிரியில் திறவு மதிப்புப் பட்டியல்கள் குழுவாகப் பகிரப்படுவதால் இந்தச் செலவு ஒரு டோக்கனுக்கு 128 கேபி ஆகிறது, அதாவது நான்கில் ஒரு பங்கு. ஆகவே "இந்த அட்டையில் இந்த மாதிரி அடங்குமா" என்ற கேள்விக்குச் சூழல் நீளத்தைச் சொல்லாமல் விடை சொல்லக் கூடாது.

நினைவகம் நிறைந்தால் பிழை வரும் என்றுதான் எதிர்பார்ப்போம். விண்டோஸில் 2023-இன் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த என்விடியா இயக்கி நிரல்கள், அட்டையில் இடம் போதாதபோது கணினியின் பொது நினைவகத்தை எடுத்துக்கொள்கின்றன. பிழை வராது, வேகம் மட்டும் வீழ்ந்துவிடும். முதல் சில விடைகள் விரைவாக வந்து, உரையாடல் நீண்டதும் திடீரென்று தளர்ந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இயக்கி நிரலின் அமைப்புப் பலகத்தில் இந்த வழக்கத்தை நிறுத்த முடியும். நிறுத்தினால் நினைவகப் பிழை நேராக வந்து நிற்கும். காரணம் தெரியாத மந்தத்தைவிட அதையே நான் விரும்புகிறேன்.

அட்டையே இல்லாமல் மையச் செயலியில் ஓட்டுபவர்களும் எதிர்பார்ப்பை ஒரு கணக்கால் அளந்துகொள்ளலாம். ஒவ்வொரு டோக்கனுக்கும் ஏறக்குறைய முழு மாதிரியையும் நினைவகத்திலிருந்து படித்தாக வேண்டும். இரட்டைத் தடத்தில் இயங்கும் டிடிஆர்4-3200 நினைவகத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 51.2 ஜிபி. 4 ஜிபி மாதிரிக்கு விநாடிக்குப் பன்னிரண்டு டோக்கனுக்குச் சற்று மேல் என்பதே மேல் எல்லை. ஏழோ எட்டோ வந்தால் நிறுவலில் குறையொன்றும் இல்லை.

செப்டம்பர் 12, காலை 8.00

இடைமுகத்தைப் புதுப்பித்த பிறகும் பழைய பொத்தான்களே தெரிகின்றன என்பது இன்று வந்த கேள்வி. உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துப் பார்க்கும்படி பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் காரணமாகலாம். ஆனால் வேறொன்றை முதலில் பார்க்க வேண்டும்.

கிரேடியோ என்னும் பைத்தான் நூலகத்தில் கட்டப்பட்ட இடைமுகங்கள் வழக்கமாக 7860 என்ற போர்ட்டில் (கணினியின் வலைவாசல் எண்ணில்) திறக்கும். அந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தால், நாமே ஓர் எண்ணைக் குறிப்பிட்டிருக்காதபோது அடுத்த எண்களை ஒவ்வொன்றாக முயன்று 7861 போன்ற ஒன்றில் திறந்துகொள்ளும். நேற்று மூடாமல் விட்ட பழைய செயல்முறை பின்னணியில் 7860-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியது 7861-இல் திறந்திருக்கும். நாமோ புத்தகக்குறியை அழுத்திப் பழையதையே பார்த்துக்கொண்டிருப்போம். அமைப்பை மாற்றினாலும் பயனில்லை, மாதிரியை மாற்றினாலும் பயனில்லை. முனையத்தில் அச்சாகும் முகவரியைப் படித்து அதையே உலாவியில் இட வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று: சேவையகம் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுத்திருக்கும்போது அதே கணினியைத் தவிர வேறு எங்கிருந்தும் அதை எட்ட முடியாது. 0.0.0.0 என்று மாற்றினால் வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் கதவு திறக்கும். கடவுச்சொல் வைக்காமல் அப்படித் திறந்து வைக்கக் கூடாது என்பதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இவ்விடைமுகங்களில் பல, கோப்புகளைப் பதிவிறக்கவும் நீட்சிகளை நிறுவவும் பக்கத்திலிருந்தே இடம் தருகின்றன. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் திறக்காமல் எண் முகவரியை எழுதினால் மட்டும் திறப்பது, அந்தப் பெயரை உலாவி ஐபிவி6 என்னும் வேறு வகை முகவரியாகப் பொருள்கொள்வதால் நிகழ்வது, எண்ணையே எழுதிவிடுங்கள்.

செப்டம்பர் 15, இரவு 10.50

தமிழில் கேட்டால் விடை வரவில்லை, வந்தாலும் சிதைந்து வருகிறது என்ற பழுதைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் நான் கொண்டிருந்த தவறான எண்ணத்தை இன்னும் பலர் கொண்டிருக்கிறார்கள்.

என் கணினியில் ஆங்கிலக் கேள்விக்கு விடை வந்தது. தமிழ்க் கேள்விக்கு விடைப் பெட்டி வெறுமையாக நின்றது. இந்த மாதிரிக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு செய்து வேறு மாதிரியைப் பதிவிறக்கினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்று மாதிரிகள் ஒரே விதமாக மௌனமாக இருந்தால் குறை மாதிரியில் இருக்க முடியாது என்பது எனக்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும். தமிழ் என்றாலே ஆதரவு இருக்காது என்ற பழைய மனக்குறை என் கண்ணை மறைத்துவிட்டது.

முனையத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வரும் கோரிக்கையை மென்பொருள் தன் பதிவில் அச்சிட்டுக்கொள்கிறது. அந்த விண்டோஸ் கணினியில் பதிவு, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியேற்றத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குறியேற்றத்தில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே அச்சிடும் வரியிலேயே பிழை எழுந்து கோரிக்கை அறுந்தது. என் கேள்வி மாதிரியைச் சென்றடையவே இல்லை. பைத்தான்யுடிஎஃப்8 என்னும் சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்ததும் மூன்று மாதிரிகளும் பேசத் தொடங்கின.

அடுத்ததாகச் சிதைவு வந்தது. சொற்களின் நடுவே, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வினாக்குறி இருக்கும் அந்த அடையாளம் தோன்றியது. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. "வணக்கம்" என்று நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் சொல், புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், 21 பைட்டுகள். மாதிரியின் சொற்பட்டியலில் இல்லாத குறி பைட்டு பைட்டாக உடைக்கப்படுகிறது. அப்போது ஒரு குறிக்கே மூன்று டோக்கன் தேவைப்படும். விடையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டும் இடைமுகம், ஒவ்வொரு டோக்கன் வந்தவுடன் அதைத் தனியே எழுத்தாக மாற்ற முயன்றால், முதல் பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எழுத்தையும் உருவாக்க முடியாமல் அந்த அடையாளத்தைப் போட்டுவிடும். முழுமை பெறாத பைட்டுகளை அடுத்த டோக்கன் வரும்வரை பிடித்து வைப்பதே சரியான முறை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்கள் இதை ஒருபோதும் காண மாட்டார்கள்.

இது மாதிரியின் குறையா, இடைமுகத்தின் குறையா என்று பிரித்தறிய எளிய சோதனை உண்டு. சொட்டுச் சொட்டாகக் காட்டும் வசதியை நிறுத்திவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். விடை முழுதாக, சிதைவின்றி வந்தால் மாதிரி குற்றமற்றது. எனக்கு அப்படித்தான் வந்தது.

புள்ளி வட்டத்தின் மேல் கொம்பும் காலும் தனித்துத் தொங்குவது இதிலிருந்து வேறான பழுது. அங்கே பைட்டுகள் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு டோக்கனையும் தனித்தனிப் பெட்டியாகப் பக்கம் வரைவதால், மெய்யெழுத்து ஒரு பெட்டியிலும் அதன் உயிர்க்குறி அடுத்த பெட்டியிலும் பிரிந்துவிட்டன. பிரதியெடுத்து உரைத் திருத்தியில் ஒட்டிப் பாருங்கள், எழுத்துகள் சேர்ந்துவிடும். இதை இடைமுகத்தை எழுதியவர்களிடம் தெரிவிக்க வேண்டும். படத்தோடு ஒட்டிய உரையையும் சேர்த்து அனுப்பினால், தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்கும் குறை விளங்கும்.

செப்டம்பர் 16, காலை 7.30

நேற்றைய குறிப்பில் விடுபட்டது. சொற்பட்டியல் சிறிதாக இருந்தால் தமிழ் உரை சூழலை மிக விரைவாக நிரப்பிவிடும். லாமா 2-இன் சொற்பட்டியலில் 32,000 கூறுகள். அவற்றோடு 16,000 தமிழ்க் கூறுகளைச் சேர்த்து 2023-இல் தமிழ் லாமா வந்தது இதனால்தான். லாமா 3-இன் பட்டியல் 1,28,256. மாதிரி நாம் முதலில் சொன்னதை மறந்துவிடுகிறது என்று புகார் சொல்வதற்கு முன், இடைமுகத்தில் சூழல் நீளம் 2,048 என்றே விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் பல பக்கங்களைத் தாங்கும் அந்த எண், தமிழில் மிகக் குறைவு.

சொற்பட்டியலை விரிவாக்கிய மாதிரிகளுக்கு அவற்றின் சொந்த டோக்கன் கோப்புதான் வேண்டும். அடிப்படை மாதிரியின் கோப்பு அங்கே கலந்துவிட்டால், எண்கள் வேறு சொற்களைச் சுட்டிப் பொருளற்ற உரை வெளிவரும்.

செப்டம்பர் 18, இரவு 9.00

விடை முடிந்தும் நிற்காமல், நம் பங்கையும் தானே எழுதி, தானே விடையும் சொல்லிக்கொண்டே போகும் பழுதுக்கு உரையாடல் வார்ப்புருவே காரணம். ஒவ்வொரு மாதிரியும், பயனர் பேசுவது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத் தனக்குரிய குறிகளால் கற்றிருக்கிறது. இடைமுகம் வேறு குறிகளை இட்டால் மாதிரிக்கு முடிவு எது என்று தெரியாது. லாமா 3 2024 ஏப்ரலில் வெளிவந்தபோது, தொடக்க நாட்களில் மாற்றப்பட்ட கோப்புகள் சிலவற்றில் உரை முடிவுக் குறி மட்டுமே நிறுத்தக் குறியாகப் பதிந்திருந்தது. உரையாடல் முறை முடிவுக் குறி விடுபட்டிருந்தது. மாதிரி முறையாக நிறுத்தச் சொன்னது. இயந்திரம் அதைக் கேட்கவில்லை. திருத்தப்பட்ட கோப்பை எடுத்தோ, அந்தக் குறியை நிறுத்தச் சரமாகச் சேர்த்தோ இதைச் சரிசெய்யலாம்.

உரையாடலுக்குப் பயிற்றப்படாத அடிப்படை மாதிரியை எடுத்துவிட்டீர்களா என்றும் கோப்பின் பெயரைப் பாருங்கள். அதற்கு எந்த வார்ப்புருவும் உதவாது.

செப்டம்பர் 21, மாலை 5.45

முதல் கேள்வியைக் கேட்டவர் எழுதியிருக்கிறார். உண்மையான கோப்பைப் பதிவிறக்கி வைத்ததும் மாதிரி ஏறியது. நான்காம் முறை நிறுவிய அதே நிறுவலில்தான். இப்போது அவர் கேட்பது நியாயமான கேள்வி: அப்படியானால் அழித்து நிறுவுவது ஒருபோதும் தேவையில்லையா?

தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நீட்சி ஒரு நூலகத்தின் பழைய பதிப்பைக் கேட்டு, இன்னொன்று புதிய பதிப்பைக் கேட்டு, இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று கவிழ்த்துவிட்ட மெய்நிகர் சூழலைச் சீர்ப்படுத்துவதைவிட அழித்துப் புதிதாக உருவாக்குவதே விரைவானது. ஆனால் அழிக்க வேண்டியது அந்தச் சூழலின் கோப்புறை மட்டுமே. ஒரே சொடுக்கில் நிறுவும் தொகுப்புகள் சில, மாதிரிகளையும் உரையாடல்களையும் அதே பெரிய கோப்புறைக்குள் வைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் அவையும் போகும். மாதிரிகளை வெளியே தனி இடத்தில் வைத்து, இடைமுகத்தின் அமைப்பில் அந்த இடத்தைச் சுட்டிவிடுங்கள்.

செப்டம்பர் 22, காலை 6.40

வெளியே வையுங்கள் என்று நான் எழுதியதைப் படித்து, ஒருவர் மாதிரிகளோடு மெய்நிகர் சூழலையும் சேர்த்து வேறு தட்டுக்கு நகர்த்திவிட்டார்; இப்போது பிப் திறக்கவில்லை. நகர்த்தக்கூடியவை மாதிரிகள் மட்டும். மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் நிரல்கள் தாங்கள் உருவாக்கப்பட்ட இடத்தின் முழுப் பாதையையும் தம்முள் எழுதி வைத்திருப்பதால், நகர்த்தியதும் இல்லாத இடத்தில் பைத்தானைத் தேடுகின்றன. நகர்த்திய சூழலை அழித்து, புதிய இடத்தில் மறுபடி உருவாக்குங்கள். மாதிரிகளைத் தொட வேண்டாம். விண்டோஸாக இருந்தால் அந்தப் புதிய பாதை சுருக்கமாக இருக்கட்டும். 260 எழுத்துகளைத் தாண்டும் பாதைகளை அது இயல்பாக ஏற்காது, சில நூலகங்களின் உட்கோப்புறைகள் அந்த எல்லையைத் தொடும் அளவுக்கு நீளமானவை.